மண்ணில் வாய் வைக்காத நாய்

நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம் என்று பேச்சு வந்ததும் என் மகள் சென்னையிலிருந்து போனில் ஒரு பாடமே நடத்தினாள். வெயில் ஏறுவதற்கு முன்னால் போக வேண்டும். புறங்கையை மணலில் வைத்துப் பார்த்து, சுட்டால் நாயை இறக்கக் கூடாது. குடிக்க நல்ல தண்ணீர் கையில் இருக்க வேண்டும். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தி எடுக்கும். தெருநாய்கள் கூட்டமாகத் திரியும், கயிற்றை விடவே கூடாது. செத்த மீன் கிடக்கும், தின்ன விடக் கூடாது. நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் பெங்களூர் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் எனக்குச் சரிதான்.

என் மனைவி போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மண்ணு எப்படி? நக்கினா இன்னா ஆவும்?"

மகள் சிரித்தாள். "அது சும்மா மண்ணு மம்மி. ஒண்ணும் ஆவாது."

மனைவி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

சும்மா மண் என்று ஒன்று இருப்பதை எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு லேசில் நம்பமாட்டார்கள். எங்களுடையது கோலார் தங்கவயலில், ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. பின்கதவைத் திறந்தால் எதிரில் சைனைட் மேடு. பாறையை அரைத்து, சைனைட் விஷத்தில் கரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டபின் மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாகிப் போன வெளுத்த மண். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது, மேடு மட்டும் எங்கேயும் போகவில்லை. ஆடிக்காற்றில் அது கிளம்பி வந்து சோற்றில் விழும், துவைத்துப் போட்ட துணியில் விழும், பைபிளைத் திறந்தால் பக்கங்களுக்கு நடுவிலும் இருக்கும். அதில் இன்னும் விஷம் இருக்கிறதா என்று கேட்டால் ஒருத்தர் ஒன்றுமில்லை என்பார், இன்னொருத்தர் வாயில் பட்டால் போச்சு என்பார். எது உண்மை என்று தெரியாமலேயே எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. தெரியாத ஒன்றுக்குத் தினமும் பயப்படுவது பெரிய வேலை. பெங்களூருக்குப் போய்வருகிற வேலையைவிட எனக்கு இதுதான் அதிகம் அலுப்பாக இருக்கிறது.

அதனால் எங்கள் வரிசையில் நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேட்டுப்பக்கம் போவதானால் நாயின் வாயில் துணிக்கட்டு போட்டுத்தான் கூட்டிப்போவோம். பழைய ஜீன்ஸ் துணியில் பட்டை வெட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி என் மனைவியே தைத்து வைத்திருந்தாள். கட்டில்லாமல் போனால் பார்க்கிறவர்கள், "இன்னா, நாயி மேல ஆசை இல்லையா?" என்று கேட்பார்கள். திரும்பி வந்ததும் குழாயடியில் நாலு காலையும் கழுவிய பிறகுதான் வாசற்படி ஏறலாம். அடுத்த லைனில் இருந்த ஒரு கறுப்பு நாய் மழைக்காலத்தில் மேட்டடியில் தேங்கின தண்ணீரைக் குடித்துச் செத்ததாகப் பேச்சு. உண்மையில் அது எதைத் தின்றதோ. ஆனால் அதற்குப் பிறகு என் மனைவி எங்கள் நாய்க்குத் தண்ணீரையும் சொல்லிக்கொடுத்தாள். மண்ணில் நிற்கும்போது தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது. வைக்கப் போனால் "நோ". சுரங்கத்தை நடத்திய வெள்ளைக்காரர்கள் போய்விட்டாலும் எங்கள் ஊரில் நாய்களுக்கு மட்டும் இன்றைக்கும் இங்கிலீஷ்தான், கம், சிட், நோ எல்லாம் அதுகளுக்கு அத்துப்படி. இந்த "நோ" பழக மூன்று மழைக்காலம் ஆனது. பழகியபிறகு எங்கள் நாய் மண்ணில் கால் வைத்துவிட்டால் தானே தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர், "கலெக்டர் இன்ஸ்பெக்ஷன் வர்றாரு" என்று கிண்டல் செய்வார்.

நாய் என் மகளுடையது. கல்லூரிக்கு ரயிலில் போய்வந்த காலத்தில் ஸ்டேஷன் பெஞ்சுக்கு அடியில் கிடந்த குட்டியை டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது தொங்கும். நர்ஸ் வேலை கிடைத்து அவள் சென்னைக்குப் போனபிறகு நாய் எங்களிடம் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் உண்டு. நாயைக் கூட்டிப்போக மனைவிக்குக் காலை ஷிஃப்ட், எனக்குச் சாயங்கால ஷிஃப்ட். என் ஷிஃப்டில் நாய் என்னை இழுத்துக்கொண்டு போகும், நான் தூங்கிக்கொண்டே நடப்பேன். அவள் ஷிஃப்டில் அதனோடு பேசிக்கொண்டே போவாள். என்னிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசினாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் வீட்டில் இருந்த நேரமே குறைவு.

சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது அவளுடைய கர்ப்பப்பை ஆபரேஷனால். கோலாரில் செய்வதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு இரண்டு மாசம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, நாய் மேலே தாவக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. பார்த்துக்கொள்ள வருவதாகச் சொன்ன என் அக்காவுக்கு நாய் என்றால் ஆகாது. மகள் திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் மாடிவீடு எடுத்திருந்தாள். நாயை அங்கே விட்டுவைப்பது என்று முடிவானது.

"ரெண்டு மாசம்தான்" என்றாள் மனைவி. "நான் எழுந்து நடந்ததும் மொதல் வேலை, போய் கூட்டினு வர்றது. அதுக்கு மேல ஒரு நாள் கூட அங்க விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

ஆபரேஷனைப் பற்றி அவள் ஒரு தடவைகூடப் பயப்பட்டுப் பேசவில்லை. நாய் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கவலை. இரண்டு மாசத்தில் நம்மை மறந்துவிடுமா என்று என்னிடம் பலமுறை கேட்டாள். மறக்காது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்?

மச்சானின் பழைய வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு மே மாசத்தில் ஒரு விடியற்காலை மூணு மணிக்கே கிளம்பினோம். வேலூர் தாண்டி வேன் சூடாகி நின்றது. மெக்கானிக்கைத் தேடி, சரிசெய்து, திருவான்மியூர் போய்ச் சேரும்போது காலை பத்து மணி தாண்டிவிட்டது. மகள் டியூட்டியில் இருந்தாள், சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்திருந்தாள். மாடிக்குப் போனதும் நான் தரையிலேயே படுத்துவிட்டேன். ஆனால் நாய் முனகிக்கொண்டு கதவுக்கும் எனக்கும் நடந்தது. வழியில் எங்கேயும் அது ஒண்ணுக்குப் போகவில்லை. தார் ரோட்டில் போகாது, வீட்டுக்குள் உயிர் போனாலும் போகாது. மண் வேண்டும்.

"பீச்சு இங்கதானே கீது, ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்" என்றாள் மனைவி. கைப்பையிலிருந்து வாய்க்கட்டை எடுத்து நாய்க்குக் கட்டிவிட்டு, தூங்குமூஞ்சியாக இருந்த என் கையில் கயிற்றைக் கொடுத்தாள்.

எங்கள் ஊர் உயரத்தில் இருக்கிறது. மே மாசத்திலும் காலையில் காற்று குளிர்ச்சியாக இருக்கும். பத்து பதினொரு மணி வெயில் என்றால் எங்களுக்கு இதமான வெயில்தான். மகள் போனில் சொன்ன புறங்கைப் பாடம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் செருப்புப் போட்ட காலோடு, ஒரு நிமிஷத்து வேலை என்றுதான் நினைத்திருப்பேன்.

மணலில் கால் வைத்ததும் நாய் தலையைத் தூக்கிக்கொண்டது. ஒரு படகின் ஓரமாக ஒண்ணுக்குப் போனது. பிறகு கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தது. புது இடம், வெட்கப்படுகிறது என்று சிரித்தோம். கடலைப் பார்க்கட்டும் என்று ஈர மணல்வரை கூட்டிப்போனோம். மனைவி கடலைப் பார்க்கவே இல்லை, நாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முன்னங்காலால் வாய்க்கட்டைத் தள்ளப் பார்த்தது.

"மண்ணை நக்கப் பாக்குதுங்க" என்று குனிந்து முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். "நோ."

நாய் அதற்குமேல் தள்ளவில்லை. அவள் சொன்னபடி கேட்டு நின்றது. கட்டின் ஓரமாக நுரை வந்தது. பிறகு அப்படியே உட்கார்ந்து பக்கவாட்டில் சாய்ந்தது. எழுப்பினேன், எழவில்லை. வயிறு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது. கையை வைத்தேன், அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி சுட்டது.

மனைவி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், அவளே இறுக்கிய முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். நாக்கு வெளியே சரிந்தது, நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி அதன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுபடி நீட்டினாள். மறுபடியும் திருப்பிக்கொண்டது. கண் செருகிக்கொண்டு போகிற நிலையிலும் அவளை ஒரு தடவை பார்த்தது. மண்ணில் இருக்கும்போது தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது. அவள் சொல்லிக்கொடுத்ததை அது மறக்கவில்லை. எனக்கு அப்போது வந்த அழுகையை நான் மறைக்கவில்லை, மறைக்க யாருக்கும் நேரமும் இல்லை.

"மண்ணை விட்டு தூக்குங்க" என்றாள். "மண்ணுல குடிக்காது அது. தூக்குங்க."

தூக்கினேன். ஆபரேஷனுக்குக் காத்திருந்தவளும் பின்கால்களைப் பிடித்துக்கொண்டாள். சுடுமணலில் ஓடிவந்து ரோட்டோரம் பூவரச மரத்தடியில் சிமெண்டுத் திட்டில் கிடத்தினோம். முந்தானையை நனைத்து வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஒற்றினாள். மறுபடி தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினாள். சிமெண்டை மோந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, நக்கியது. அவள் கை தண்ணீர் தீரத்தீர ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

நான் போன் செய்ததும் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து எங்களை மிருக வைத்தியரிடம் கூட்டிப்போனாள். குளுகோஸ் ஏற்றினார்கள். நாலு பாதத்திலும் தோல் சிவந்து உரிந்திருந்தது, மருந்து போட்டார்கள். சாயங்காலத்துக்குள் நாய் எழுந்து நின்றது. பிழைத்துவிட்டது என்று தெரிந்தபிறகுதான் மகள் கோபப்பட்டாள்.

"நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது மம்மி. நாக்கை வெளிய போட்டுத்தான் சூட்டை எறக்கும். இந்த வெயில்ல வாயைக் கட்டினா அது இன்னா பண்ணும்?"

"நம்ம ஊர்ல ஒண்ணும் ஆவலையே" என்றாள் மனைவி மெதுவாக.

"அங்க குளிரு. அங்க மண்ணுதான் பிரச்சனை, இங்க வெயிலுதான் பிரச்சனை. நான் போன்ல எதைச் சொன்னேன், நீங்க எதைப் பாத்துனு இருந்தீங்க?"

அன்றைக்கு மனைவி சாப்பிடவில்லை.

நாலாவது நாள் பாதம் ஓரளவு ஆறியது. நான் லீவை நீட்டித்துக்கொண்டிருந்தேன், ஆபீசில் திட்டு வாங்குவது உறுதி என்ற அலுப்போடு. அன்று விடிகிற நேரத்தில் மகள் எங்களை எழுப்பினாள். நாலு பேருமாகக் கடற்கரைக்குப் போனோம், நாயையும் சேர்த்து நாலு பேர். மணல் சில்லென்று இருந்தது. மகள் முதலில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், எங்கள் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னாள். வாய்க்கட்டு இல்லை.

நாய் தலையைத் தூக்கியபடியே நின்றது. மகள் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள், தொடவில்லை. பந்தை எறிந்தாள், அது மண்ணில் விழுந்ததும் எடுக்காமல் என் மனைவியையே பார்த்தது. மகள் கெஞ்சிப் பார்த்தாள், நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் பேச்சு அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

மனைவி செருப்பைக் கழற்றினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மணலில் உட்கார்ந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் மண்ணில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, வீட்டுக்குள் பறந்து வந்து விழுந்த மண்ணைக்கூட ஈரத்துணியால்தான் எடுப்பாள். கிண்ணத்தைத் தூக்கி, அதிலிருந்து ஒரு மடக்கு அவளே குடித்தாள். பிறகு ஒரு பிடி மணலை அள்ளி, அந்தக் கையை நாயின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பரவால்ல" என்றாள். "இது வேற மண்ணு. பரவால்ல வா."

நாய் மோந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. "நோ" வரும் என்று காத்திருந்தது போலிருக்கிறது, வரவில்லை. நாக்கை நீட்டி மணலோடு சேர்த்து அவள் கையை நக்கியது. தும்மியது. கிண்ணத்தில் வாய் வைத்துச் சலசலவென்று குடித்தது. அதற்கப்புறம் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எட்டு வயது நாய், குட்டி மாதிரி வட்டம் போட்டு ஓடியது, மூக்கால் குழி தோண்டியது, முதுகைப் போட்டுப் புரண்டது, வாய் நிறைய மண்ணோடு வந்து எங்கள் மூவர் மேலும் உதறியது. மகள் சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னையும் ஒரு வாட்டி கூட மண்ணுல வெளையாட விட்டதில்ல மம்மி நீ" என்றாள்.

குறை சொல்கிற குரல் இல்லை. மனைவி அவள் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டப் போய், பாதியில் கையை எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே கிளம்பினோம். ஆபரேஷன் தேதி நெருங்கியிருந்தது. மாடியிலிருந்து நாய் எட்டிப் பார்த்துக் குரைத்தது, மனைவி நிமிர்ந்து பார்க்காமல் வேனில் ஏறினாள். ஆம்பூர் வந்தபோது அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன், இல்லை.

"ரெண்டு மாசம்தானே" என்றேன். "கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடும். ஜூலை கடைசில வந்து கூட்டினு போயிடலாம்."

"வேணாங்க."

"இன்னா வேணாம்?"

"அது அங்கயே இருக்கட்டும். மண்ணு நல்லதுன்னு நானே சொல்லிக் குடுத்துட்டேன். இனிமே நம்ம ஊர் மண்ணையும் நக்கும். நான் நோன்னு சொன்னாலும் நம்பாது, நம்பவும் கூடாது." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நம்ம ஊர்ல அது பொழைக்காது."

அந்த நாய் திரும்பி வரப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது, வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டேன்.

"அப்போ நாம?"

"நமக்கு இன்னா" என்றாள். "நமக்குத்தான் எதையும் தொடக்கூடாதுன்னு தெரியுமே."